காட்ஜில்லா: கடலில் விழுந்த சாம்பலின் கதை

சினிமாவைப் பற்றி வரலாற்றுக் கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். கல்வெட்டும் செப்பேடும் மட்டும்தான் சான்று என்று நான் கருதுவதில்லை. ஒரு காலத்து மக்கள் எதைக் கண்டு அஞ்சினார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லாது. அவர்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்த கூத்தும் படமும் சொல்லும். அப்படி ஒரு சான்றாக, 3-11-1954 அன்று ஜப்பானில் வெளிவந்த 'கோஜிரா' படத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் காட்ஜில்லா பொம்மை வேணும்னு அடம் பிடிக்கிறார்களே, அதற்கு மூலம் இந்தப் படம்தான்.

படம் தொடங்குவது நடுக்கடலில். எய்கோ மாரு என்னும் கப்பலில் மாலுமிகள் மேல்தளத்தில் இசை வாசித்து இளைப்பாறுகிறார்கள். திடீரென்று ஓர் ஒளி. கடல் கொதிக்கிறது, கப்பல் எரிந்து மூழ்குகிறது. தேடிப்போன கப்பலுக்கும் அதே கதி. குடும்பத்தார் திரண்டு வந்து, எங்க ஆளுங்க என்ன ஆனாங்கன்னு கதறுகிறார்கள். நமக்கு இது கற்பனை. அன்று டோக்கியோவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கோ, அந்த ஆண்டே பத்திரிகையில் படித்த செய்தி.

அந்தச் செய்தி இதுதான். 1-3-1954 விடியற்காலையில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினியில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. சுமார் 6 மெகாடன் வலிமை இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வெடித்தது 15 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறத்தாழ 1000 மடங்கு! அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே, யாயிசு துறைமுகத்துப் படகு ஒன்று சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. 'ஐந்தாம் ஃபுகுர்யு மாரு' என்று பெயர். ஃபுகுர்யு என்றால் நற்பேறு தரும் நாகம் என்று பொருள். 23 பேர் அதில் இருந்தார்கள். மேற்கே ஒளி தெரிந்தது; சில நிமிடம் கழித்து ஓசை வந்தது; பிறகு வெள்ளைச் சாம்பல் மணிக்கணக்கில் விழுந்தது. அது கதிர்வீச்சு ஏறிய பவளத் தூள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மார்ச் 14 அன்று ஊர் திரும்பியபோது உடம்பெல்லாம் புண். வானொலி இயக்குநர் ஐகிச்சி குபொயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். வயது 40.

வணிகனாகிய எனக்கு இன்னொன்றும் கண்ணில் படுகிறது. அந்த ஆண்டில் 800க்கும் மேற்பட்ட படகுகள் கொண்டுவந்த சூரை மீனில் கதிர்வீச்சு கண்டு, 400 டன்னுக்கு மேல் கொட்டி அழித்தார்கள். சந்தையில் நல்ல மீனையும் வாங்க ஆள் இல்லை. சரக்கில் சந்தேகம் விழுந்துவிட்டால் விலை பேசவே முடியாது. தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். அச்சம் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. படத்திலும் ரயிலில் போகும் பெண் ஒருத்தி, சூரை மீனில் கதிர்வீச்சு, அதற்கு மேல் இப்ப கோஜிராவா என்று அலுத்துக்கொள்கிறாள். அவள் நாகசாகியில் தப்பிப் பிழைத்தவள்.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவை நேரில் கண்டவர். அவர் படத்தில் கடலடியில் கிடந்த விலங்கைக் கிளப்பி விடுவது ஹைட்ரஜன் குண்டுச் சோதனை. அதைக் கொல்லும் வழி விஞ்ஞானி செரிசாவா ஒருவரிடம்தான் இருக்கிறது. தன் கண்டுபிடிப்பு அடுத்த ஆயுதமாகிவிடும் என்று அஞ்சி, அவர் குறிப்புகளை எரித்துவிட்டு, விலங்கோடு தாமும் கடலடியில் மாய்கிறார். படத்தின் உண்மையான திகில் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கடையை விட்டு வெளியே போன சரக்கைத் திரும்ப வாங்கலாம். வெளியே போன வித்தையை வாங்க முடியாது.

1956இல் அமெரிக்காவில் படத்தை வெட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரைச் சேர்த்து வெளியிட்டார்கள். குண்டுச் சோதனைப் பேச்சு அடியோடு போகவில்லை. ஆனால் அந்த ரயில் பெண்ணின் பேச்சு போயிற்று. சோதனை தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா வரும் என்ற முதிய ஆய்வாளரின் முடிவுரையும் போயிற்று. உலகம் முழுக்கப் பரவியது இந்த வடிவம்தான். விலங்கு மிஞ்சியது, காரணம் மங்கியது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிகினிச் செய்தி வந்த சில வாரங்களில், 2-4-1954 அன்று பிரதமர் நேரு, அணுச் சோதனைகளை உடனே நிறுத்தி வைக்க உடன்பாடு வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார். வளிமண்டலத்திலும் கடலிலும் சோதனையைத் தடுக்கும் ஒப்பந்தம் 1963இல்தான் வந்தது.

அந்தப் படகு 1967இல் டோக்கியோவின் குப்பைத் திட்டு ஒன்றில் கைவிடப்பட்டது. பொதுமக்கள் குரல் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 1976 முதல் அங்கேயே ஒரு காட்சிக்கூடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் படத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். கூடவே அந்த 23 பேரின் கதையையும் சொல்லுங்கள்.