சென்னைக் காசநோய் ஆய்வு

காசநோயாளியைச் சானடோரியம் என்ற தங்கு மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டில் வைத்தே மருந்தால் குணப்படுத்த முடியுமா என்று அறிய 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து நிறுவிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் இதை நடத்தியது. 1959இல் முடிவுகள் வெளியாயின. இருபதாம் நூற்றாண்டில் உலகக் காசநோய்க் கொள்கையை இந்த அளவுக்குத் திருப்பிய ஆய்வுகள் மிகச் சிலவே.

பின்னணி

மருந்து வருவதற்கு முன் காசநோய்க்கு ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு என்பவையே சிகிச்சை. டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அந்த வழியில் வந்ததுதான். அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரில் அந்தச் சொல் இன்றும் நிற்கிறது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியாசிட்டும் வந்த பிறகும், படுக்கையில் வைத்தே மருந்து தர வேண்டும் என்ற நம்பிக்கை மாறவில்லை. இந்தியாவிலோ 1955–58 கணக்கெடுப்பின்படி நூறு பேரில் ஏறத்தாழ ஒன்றரைப் பேருக்கு நோய் இருந்தது. லட்சக்கணக்கில் நோயாளிகள், ஆயிரக்கணக்கில் மட்டுமே படுக்கைகள். வீட்டுச் சிகிச்சை பலிக்காவிட்டால் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடையாது என்பதுதான் நிலை.

ஆய்வும் முடிவும்

பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் மையத்தின் முதல் தலைவராக வந்தார். சென்னையின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது. மறு பிரிவு வீட்டிலேயே இருந்தது. இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும், சுருக்கமாக ‘பாஸ்’ எனப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும். ஆண்டு முடிவில் கிருமி அடங்கி நோய் தணிந்தவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகம் உழைத்தார்கள், காற்றோட்டமில்லாத அறைகளில் படுத்தார்கள். அப்படியிருந்தும் கிடைத்த முடிவு இது.

வீட்டில் வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா என்பது அடுத்த கேள்வி. உடன் வாழ்ந்தவர்களை ஐந்தாண்டுகள் கண்காணித்ததில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. தொற்றும் ஆபத்தில் பெரும்பங்கு நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய நாட்களில்தான். மருந்து தொடங்கிய பின் ஒருவரை வீட்டைவிட்டுப் பிரிப்பதால் குடும்பத்துக்குப் பயனில்லை. காசநோயாளியை ஒதுக்கிவைக்கும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. ஆனாலும் அந்த வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

வீடு தேடிப் போனவர்கள்

மருந்தைக் கொடுத்துவிட்டால் நோயாளி விழுங்கிவிடுவார் என்று மையம் நம்பியிருக்கவில்லை. ‘பாஸ்’ நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் சாப்பிட வேண்டியிருந்தது. வயிற்றைப் புரட்டும் மருந்து அது. உடம்பு தேறியதும் பலர் நிறுத்திவிடுவார்கள். ஆகவே சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளி மருந்தைத் தவறவிடுவது அவரது குணக்கேடு அல்ல, சிகிச்சைத் திட்டம் விடையளிக்க வேண்டிய சிக்கல் என்று ஃபாக்ஸ் இந்த அனுபவத்திலிருந்து எழுதினார். அதற்கு மையம் கண்ட விடை, வாரம் இருமுறை மட்டும் நோயாளியை வரவழைத்து, ஊழியர் முன்னிலையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிட்டும் தருவது. அது நாள்தோறும் வீட்டில் சாப்பிடும் மருந்துக்குக் குறைந்ததல்ல என்பது 1964இல் வெளியானது. 1990களில் உலகச் சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இங்கேதான் வேர். இந்த ஆய்வின் பெருமையில் பாதி, தெருத் தெருவாக நடந்த அந்தப் பணியாளர்களுக்கு உரியது.

உணவு பற்றிய கேள்வி

சத்துணவு இல்லாமலும் நோய் குணமாகும் என்பது ஆய்வின் முடிவுகளில் ஒன்று. மருந்தின் வலிமையைக் காட்டும் உண்மை அது. ஆனால் பின்னாளில் திட்டங்களை வகுத்தவர்கள், காசநோய்க்கும் பசிக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் அதை நீட்டிப் படித்தார்கள். சென்னை ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நோய் வந்தவருக்கு மருந்து பலிக்கிறதா என்பது ஒரு கேள்வி. பட்டினி கிடக்கும் வீட்டில் அடுத்தவருக்கு நோய் வருமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு 2023இல்தான் உறுதியான விடை கிடைத்தது. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பத்தார் 10,345 பேரிடம் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் தந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கேள்வி காத்துக் கிடந்தது பெரும் இழப்பு.

பிற்காலம்

மையம் பின்னர் காசநோய் ஆராய்ச்சி மையமாகவும், தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகவும் வளர்ந்து சேத்துப்பட்டில் இயங்குகிறது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வும் இதன் வரலாற்றில் சேர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை அது தந்தது. இந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சௌமியா சுவாமிநாதன் 2019இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி ஆனார்.

வீட்டுச் சிகிச்சை வழக்கமாகிவிட்ட பிறகு, மிகவும் மெலிந்து தளர்ந்தவர்கள் வீட்டிலேயே இறந்துபோவது புதிய கவலையாயிற்று. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் உடல் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்த ஆக்சிஜன், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவை பார்க்கப்படுகின்றன. நிலை மோசமானவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள், மற்றவர்களுக்கு வீட்டிலேயே சிகிச்சை தொடர்கிறது.