விதையும் விதியும்

பொழியூர்க் கடற்கரையினின்று பாறசாலை வழியாகக் கிழக்கே மலையடிவாரம் நோக்கிச் செல்வோர், தென்னையையும் மரச்சீனியையும் கடந்து ரப்பர்த் தோட்டங்களை அடைவர். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இருபுறமும் வளர்வது ஒரே ரப்பர் மரமே. மரபணு மாற்றிய உயிர்களை நம் நாடு விதிகளுக்கு உட்படுத்திய வரலாற்றில் இம்மரத்துக்கும் ஓர் இடமுண்டு.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1989 டிசம்பரில் இதற்கான விதிகள் பிறந்தன. அன்று நம் உழவர் வயல்களில் அத்தகைய பயிர் எதுவும் இல்லை. விதி விதையை முந்திற்று எனலாம். 2001இல் நிலைமை தலைகீழாயிற்று. அனுமதி பெறாத பி.டி. பருத்தி குஜராத்தில் விளைந்து நின்றது. முறையான அனுமதி 2002 மார்ச்சில்தான் வந்தது.

அடுத்து வந்தது கத்தரிக்காய். 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்கு இசைந்தது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9ஆம் நாள் அதனை நிறுத்திவைத்தார். அவ்வாண்டே குழுவின் பெயரிலிருந்த ‘ஒப்புதல்’ என்னும் சொல் ‘மதிப்பீடு’ என மாறிற்று. அரசு ஆவணங்களை மொழிபெயர்க்கும் நாம் இதனைச் சிறு மாற்றமென்று கருதோம். ஒப்புவது வேறு, மதிப்பிடுவது வேறு.

களச் சோதனைக்கு மாநில அரசின் இசைவும் வேண்டுமென்பது பின்னர் நடைமுறையாயிற்று. கோட்டயத்து இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மரபணு மாற்ற ரப்பர்க் கன்றுக்குக் கேரள அரசு இசையவில்லை. 2021 ஜூனில் அக்கன்று அசாமில், குவாஹாட்டியின் அருகே நடப்பட்டது. பிறந்த மண் வேறு, வேரூன்றிய மண் வேறு ஆயிற்று.

2022 மார்ச் 30ஆம் நாள் மற்றொரு கோடு வரையப்பட்டது. அயல் மரபணு எதுவும் எஞ்சாத வகையில் திருத்தப்பெற்ற பயிர்கள், 1989ஆம் ஆண்டு விதிகள் சிலவற்றினின்று விலக்குப் பெற்றன. அவ்வழியில் 2025 மே மாதம் இரண்டு நெல் வகைகள் அறிவிக்கப்பட்டன. சம்பா மசூரியினின்று தோன்றிய ‘கமலா’ அவற்றுள் ஒன்று.

நேயர்களே! சிறு திருத்தத்துக்கும் பெரு மாற்றத்துக்கும் ஒரே தடையை வைப்பது அறிவுடைமை ஆகாது; இவ்விலக்கில் நியாயம் உண்டு. எனினும் விதையும் மகரந்தமும் மாநில எல்லையை அறியா. ஓர் அரசு மறுத்ததை அண்டை அரசு ஏற்றால், பாறசாலை உழவரின் வேலி என்ன செய்யும்? ஆகவே விரைவை நாடும் சீர்திருத்தம், ஏழு நகரங்களில் மக்களைக் கேட்ட அப்பழக்கத்தைக் கைவிடலாகாது. சோதனை முடிவுகளை உழவர் தம் மொழியில் படித்தறிய வேண்டும். அதன் பின்னரே விதை வயலுக்கு வர வேண்டும்.