ஒரே வரையறை, பல நிரல்கள்

தண்டலம் வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் கார்களைப் பாருங்கள். இன்றைய காரில் எஞ்சினுக்கு ஒரு நிரல், பிரேக்கிற்கு ஒன்று, வேகங்காட்டிக்கு மற்றொன்று எனப் பல கணினி நிரல்கள் இயங்குகின்றன. ஒரு நிரல் வேகத்தைப் பத்தால் பெருக்கி 600 என அனுப்புவதாகக் கொள்வோம். அதைப் பெறும் நிரல் பத்தால் வகுக்க மறந்தால், 60 கி.மீ. வேகம் 600 கி.மீ. ஆகிவிடும் அல்லவா?

ஆகவே, இரு நிரல்களுக்கும் பொதுவான வரையறை ஒன்று வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய 'சி' மொழியில், 1972–73-இல் இதற்கு வழி பிறந்தது. பிசிபிஎல், பிஎல்/1 ஆகிய மொழிகளில் முன்பே இருந்த முறை அது. பொது வரையறைகளைத் 'தலைப்புக் கோப்பு' ஒன்றில் ஒரு முறை எழுதினால் போதும். 'இன்க்ளூட்' என்னும் கட்டளையால் எல்லா நிரல்களும் அதையே படித்துக்கொள்ளும்.

மாறாக, நிரலுக்கொரு நகல் வைத்தால், ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்போம். எனவே நகல்களைத் தவிர்த்து, பொது இடத்தில் ஒரே கோப்பை வைப்பதே முறை.

அலகையும் அதில் குறிப்பது நன்று. ஆனால் குறித்தால் மட்டும் போதாது. 1999 செப்டம்பர் 23-இல் நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' செவ்வாயருகே தொலைந்தது. நியூட்டன்-விநாடி என்று ஆவணம் விதித்திருந்தும், தரைநிலைய நிரல் ஒன்று பவுண்டு-விநாடியில் எண்களைத் தந்தது, 4.45 மடங்கு பிழை! எழுதிய வரையறையை எல்லோரும் பின்பற்றினால்தான் அது பொது வரையறை.