வாசல் திறந்தது, வகுப்பறை மாறவில்லை: தாம்பரம் வட்டாரக் கல்லூரிகளில் விளையாட்டு மாணவரின் படிப்பு, 1937 முதல் இன்று வரை

சென்னையின் தென்புறநகரில், தாம்பரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையிலும், சோழிங்கநல்லூரிலிருந்து கேளம்பாக்கம் வரை பழைய மாமல்லபுரம் சாலையிலும் உள்ள கல்லூரிகளில் ஆண்டுதோறும் பொதுச் சேர்க்கையோடு இன்னொரு சேர்க்கையும் நடக்கிறது. அங்கே முதலில் பார்ப்பது மதிப்பெண் பட்டியலை அல்ல, ட்ரையல்ஸை. மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு உடற்கல்வி இயக்குநர் தலையசைத்தால் கட்டணச் சலுகை, விடுதி, உணவு, சீருடை எல்லாம் வரும். எந்தப் பாடப்பிரிவு என்பது கடைசியில், காலியிடத்தைப் பார்த்து முடிவாகும். கைப்பந்து வீரர் பி.காம்.இலும் கபடி வீராங்கனை வணிக மேலாண்மையிலும் உட்கார்வது இப்படித்தான். இவர்களில் நன்றாகப் படித்து வெளியேறுபவர்கள் உண்டு. அவர்களைப் பற்றியதல்ல இந்தக் கட்டுரை. பதக்கங்களோடும் அவற்றுக்கு ஈடான அரியர்களோடும் வெளியேறும் மற்றவர்கள் எப்படி உருவானார்கள் என்பதே கேள்வி.

எழுத்தறியாதவர்கள் என்று இவர்களைச் சொல்வது தவறு. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை வரி விடாமல் படிப்பவர்கள்தான். ஆங்கிலப் பாடநூலின் ஒரு பத்தியைப் படித்து, பொருள் பிடித்து, ஐந்து மதிப்பெண் கேள்விக்குச் சொந்தமாக அரைப் பக்கம் எழுதுவதில்தான் தடுமாறுகிறார்கள். இந்தத் தடுமாற்றத்தை விளையாட்டின் மேல் போடுவது வழக்கம்: ‘எப்போதும் கிரவுண்டிலேயே இருந்தால் படிப்பு எப்படி வரும்?’ இந்த விளக்கம் பாதி உண்மை. மீதிப் பாதி கல்லூரிகளின் வரலாற்றில் இருக்கிறது.

ஆடியவரும் படித்தவரும் ஒரே ஆளாக இருந்த காலம்

1837இல் பள்ளியாகத் தொடங்கி, ஜார்ஜ் டவுனில் கல்லூரியாக வளர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நூறாண்டு கழித்து 1937 ஜனவரியில் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. நகர நெரிசலில் கிடைக்காத ஒன்று சேலையூர்க் காட்டில் கிடைத்தது: இடம். விடுதிகளும் மைதானங்களும் ஒரே வளாகத்தில் அமைந்தன. வகுப்பு, விடுதி, மைதானம் மூன்றும் சேர்ந்ததே கல்வி என்பது அந்தக் கல்லூரியை நடத்தியவர்களின் எண்ணம்.

அதற்குமுன் 1920இலேயே ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். பிறகு அது நந்தனத்தில் நிலைகொண்டது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் மாகாணமெங்கும் பள்ளி, கல்லூரி மைதானங்களுக்குப் பொறுப்பேற்றார்கள்.

அந்தக் காலத்து விளையாட்டு மாணவருக்குப் படிப்புச் சிக்கல் இருந்ததாகப் பெரிய பேச்சு எழவில்லை. காரணம் எளிது. ஆங்கிலம் உள்ளிட்ட பள்ளியிறுதித் தேர்வைத் தாண்டியவரே கல்லூரிக்குள் வர முடிந்தது. கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்கள்தாம் பிள்ளைகளை அனுப்பின. ஹாக்கி மட்டையைப் பிடித்தவரும் ஷேக்ஸ்பியரைப் படித்தவரும் ஒரே வகுப்பிலிருந்து, பெரும்பாலும் ஒரே சாதியடுக்கிலிருந்து வந்தவர்கள். ‘அந்தக் காலத்தில் வீரர்கள் படிப்பிலும் கெட்டிக்காரர்கள்’ என்று பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் கேட்கும் பெருமிதத்தை இந்தத் தகவலோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். கெட்டிக்காரர்கள் அல்லாதவர்களுக்கு அப்போது வாசலே இல்லை.

பதக்கத்துக்கு ஒரு கணக்கு

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகள் அகில இந்திய அளவில் 1940–41இல் ஒழுங்குபெற்றன. 1956–57இல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வந்ததும் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பெருமை புள்ளிக் கணக்காயிற்று. புள்ளி வேண்டுமென்றால் ஆள் வேண்டும்.

ஆள் வேறிடத்திலும் தேவைப்பட்டார்கள். ரயில்வே, பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, காவல்துறை, வங்கிகள் எல்லாம் தத்தம் அணிகளுக்கு வேலை கொடுத்து வீரர்களை எடுத்தன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக் கபடிக் குழுக்களுக்கும் கைப்பந்துக் குழுக்களுக்கும் இது கண்ணெதிரே தெரிந்த வழி. கல்லூரி அந்த வழியில் ஒரு நிறுத்தம். பட்டம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் வேலை கிடைத்துவிடும். முதல் தலைமுறையாகக் கல்லூரி மிதித்த பிள்ளைகளுக்கு இது நியாயமான கணக்குதான், வேலை இருந்தவரை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் அமைந்தது. அதன் விடுதிகளில் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே சேர்ந்து, விடியற்காலையிலும் மாலையிலும் பயிற்சி எடுத்து, நடுவில் பக்கத்துப் பள்ளிக்குப் போய்வருவார்கள். அந்த நடுவேளையில் களைத்த உடம்போடு எவ்வளவு படிக்க முடியும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

செமஸ்டரும் தனிக்கொடியும்

சிக்கலை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவை இரண்டு மாற்றங்கள். இரண்டும் விளையாட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதால் அவற்றை இந்தக் கோணத்தில் யாரும் பார்ப்பதில்லை.

முதலாவது, தேர்வு நாட்காட்டி. ஆண்டுத் தேர்வு இருந்தவரை போட்டிக் காலம் அக்டோபர் தொடங்கி ஜனவரி, பிப்ரவரிக்குள் முடியும். தேர்வு மார்ச், ஏப்ரலில் வரும். விட்ட பாடத்தைப் பிடிக்க இடையில் கொஞ்சம் மூச்சு இருந்தது. 1978இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தன்னாட்சி பெற்றது. அந்தக் காலம் தொட்டுத் தன்னாட்சிக் கல்லூரிகள் வழியாகப் பரவிய செமஸ்டர் முறை பின்னர் எங்கும் வழக்கமாயிற்று. ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு நவம்பரில் வருகிறது, போட்டிக் காலத்தின் நட்ட நடுவில். இதோடு அகமதிப்பீடும் சேர்ந்தது. பொதுவான பங்கீட்டில் நூற்றுக்கு இருபத்தைந்து மதிப்பெண் வகுப்புத் தேர்விலும் ஒப்படைப்பிலும்தான் இருக்கிறது. மண்டலப் போட்டிக்குக் கோட்டயத்துக்கோ மங்களூருக்கோ போன மாணவர் திரும்பி வருவதற்குள் அதில் பாதி போய்விடும். பொதுமாணவர்களுக்குச் செமஸ்டர் முறை நன்மை செய்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. விளையாட்டு மாணவருக்கு அது செய்ததைக் கணக்கெடுக்கவில்லை என்பதே குறை.

இரண்டாவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். முன்பு சென்னைப் பல்கலைக்கழக அணியில் இடம்பெற ஒரு வீரர் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் தேறி, தேர்வு முகாமைத் தாண்ட வேண்டும். தாம்பரத்துக் கல்லூரியும் மீனம்பாக்கத்துக் கல்லூரியும் நகரக் கல்லூரிகளும் சேர்ந்து ஒரே அணிக்கு ஆள் கொடுத்தன. 2001இல் சத்தியபாமா, 2002இல் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., 2008இல் பல்லாவரம் வேல்ஸ், படூர் இந்துஸ்தான் என்று தென்புறநகரின் தனியார் நிறுவனங்கள் அடுத்தடுத்து நிகர்நிலைத் தகுதி பெற்றன. ஒவ்வொன்றும் தென்மண்டலப் போட்டிக்குத் தன் பெயரில் நேரே அணி அனுப்பலாம் என்றானது. ஓர் அணி இருந்த வட்டாரத்தில் பல அணிகள். வீரருக்குக் கிராக்கி ஏறியது, உதவித்தொகையும் ஏறியது. 2020இல் புவனேசுவரத்தில் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் தொடங்கியதும், 2023இல் முதலமைச்சர் கோப்பை கல்லூரி மாணவர்களுக்கும் விரிந்ததும் மைதானத்தின் மதிப்பை இன்னும் கூட்டின. இதனால் ஏழைப் பிள்ளைகள் பலருக்குக் கல்லூரி கிடைத்தது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் வாசலை விரித்த அளவுக்கு உள்ளே எதுவும் மாறவில்லை. அதே ஆங்கிலப் பாடநூல், அதே மூன்று மணி நேரத் தேர்வு, அதே பகுதி இரண்டு ஆங்கிலத் தாள். விளையாட்டு மாணவரிடம் எந்தத் தாளில் அரியர் என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் பதில் அந்த ஆங்கிலத் தாள்தான்.

ஓ.டி. என்னும் சலுகை

இவ்வளவுக்கும் கல்லூரிகள் கண்டுபிடித்த தீர்வு ஒன்றே ஒன்று: ஓ.டி. போட்டிக்கும் முகாமுக்கும் போன நாட்களை வருகையாகவே கணக்கில் எடுத்துக்கொள்வது. 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்ற விதியிலிருந்து இது வீரரைக் காப்பாற்றுகிறது. வகுப்பில் நடந்த பாடத்தை அது அவருக்குக் கொடுப்பதில்லை. தேர்வுக் கூடத்துக்குள் நுழையும் உரிமை கிடைக்கிறது. நுழைந்து எதை எழுதுவது என்பது அவர் பாடு. பயிற்சி, அழைப்பாட்டம், மண்டலம், அகில இந்தியம் என்று கூட்டிப் பார்த்தால், நன்றாக ஆடும் மாணவருக்குத்தான் ஓ.டி. அதிகம், ஆகவே இழப்பும் அதிகம். திறமைக்குத் தண்டனை கொடுக்கும் சலுகையை வேறெங்கும் பார்ப்பது அரிது.

பின்தங்கியவர்களுக்கென்று துணைவகுப்பே இல்லை என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு நிதியில் குறைதீர் பயிற்சி வகுப்புகள் நடந்தன. அவை பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் என்ற பிரிவுகளுக்கானவை. விளையாட்டு மாணவரில் மிகப்பலர் அந்தப் பிரிவுகளுக்குள்ளேயே வருபவர்கள். ஆனால் வகுப்பு நடக்கும் மாலை நான்கு மணிக்கு அவர்கள் மைதானத்தில் இருப்பார்கள்.

பள்ளியிலிருந்து கொண்டுவந்த சுமை

கல்லூரியை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கவும் முடியாது. பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ‘அசர்’ ஆய்வின்படி தமிழக ஊரகப் பகுதிகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 40.7 விழுக்காடு, பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 25.2 விழுக்காடு. இந்த ஆய்வின் வாசிப்புச் சோதனை முறை பற்றி விவாதங்கள் உண்டு. ஆனாலும் அந்த நான்காண்டில் நேர்ந்த சரிவு தெளிவு. 2022இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள் 2030 வாக்கில் ட்ரையல்ஸுக்கு வருவார்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்ற கொள்கை சரியானதே. நிறுத்திவைப்பதால் ஒரு பிள்ளையும் படிக்கக் கற்றதில்லை. ஆனால் நிறுத்தாமல் அனுப்பும்போது, விட்டதைச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடும் கூடவே போக வேண்டும். அப்படிப்பட்ட ஏற்பாடாக நடுநிலை வகுப்புகளுக்கான ‘திறன்’ திட்டம் 2025இல்தான் வந்தது.

தென்புறநகருக்கு இன்னொரு தனிக் காரணமும் உண்டு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நகர நடுவிலிருந்து வீடுகள் அகற்றப்பட்டபோது பல முறை கல்வியாண்டின் நடுவிலேயே குடும்பங்கள் லாரி ஏறின. பழைய பள்ளி இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. இடைநின்ற பிள்ளைகளை மீண்டும் பிடித்து நிறுத்தியவற்றில் அந்தக் குடியிருப்புகளின் கபடிக் குழுக்களுக்கு ஒரு பங்கு உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகரின் கார்த்திகா ஆடினார். அந்த வெற்றிக்குப் பின் அந்தத் தெருக்களில் கபடி ஆட வரும் சிறுமிகள் பெருகியிருந்தால் வியப்பில்லை. அவர்களுக்குக் கல்லூரி வாசல் திறக்கும்போது உள்ளே என்ன காத்திருக்கிறது என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

தமிழ்வழியில் படித்து வருபவருக்கு ஆங்கிலவழிப் பட்டம் இன்னொரு இழப்பையும் தருகிறது. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. பள்ளி முதல் அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. காலியிடம் இருந்ததால் ஆங்கிலவழி பி.காம்.இல் சேர்க்கப்பட்ட வீரர், பட்டதாரிப் பணிகளில் அந்த உரிமையைச் சேர்ந்த நாளிலேயே விட்டுவிடுகிறார். சேர்க்கை மேசையில் இதை அவரிடம் எடுத்துச் சொல்பவர் யார்?

கடல் கடந்த பாடம்

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் முன்பே வெடித்தது. கூடைப்பந்து ஆட்டக்காரர் கெவின் ராஸ், கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு ஆடிவிட்டு 1982இல் வெளியேறியபோது அவருடைய வாசிப்புத் திறன் இரண்டாம் வகுப்பு அளவில் இருந்தது. சிகாகோவில் மார்வா காலின்ஸ் நடத்திய பள்ளியில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து அவர் மறுபடி படித்தார். விளையாட விரும்புவோருக்குக் குறைந்தபட்சப் பள்ளி மதிப்பெண்ணும் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும் என்ற விதி 1983இல் நிறைவேறி 1986இல் நடைமுறைக்கு வந்தது. விளைவு விசித்திரமானது. மதிப்பெண் இல்லாவிட்டால் ஆட முடியாது என்றதும், மதிப்பெண்ணை உற்பத்தி செய்யும் வழிகளும் முளைத்தன. வடகரோலைனா பல்கலைக்கழகத்தில் பதினெட்டு ஆண்டுகள் பெயரளவில் நடந்த வகுப்புகளில் 3,100 பேருக்கு மேல் பதிவு செய்திருந்ததையும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு மாணவர்கள் என்பதையும் 2014இல் வெயின்ஸ்டைன் அறிக்கை வெளியிட்டது.

நம் நிலை இதற்கு நேர் எதிர். இங்கே பல்கலைக்கழக அணியில் ஆட வயதும் மாணவர் பதிவும் போதும். மதிப்பெண் சராசரி கேட்பதில்லை. அதனால் மதிப்பெண்ணைப் பொய்யாக்க வேண்டிய தேவை இல்லை, படிக்கவைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அமெரிக்காவைப் பார்த்து மதிப்பெண் நிபந்தனை கொண்டுவரலாம் என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை. அது கண்ணகி நகர்ப் பிள்ளையைத்தான் முதலில் வெளியேற்றும். அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது வேறொன்று: 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, விளையாட்டு உதவித்தொகை பெற்ற மாணவரில் எத்தனை விழுக்காட்டினர் பட்டம் முடித்தார்கள் என்பதைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும்.

இனி

வேலைக் கணக்கும் மாறிவிட்டது. வங்கிகளிலும் பொதுத்துறையிலும் விளையாட்டு நியமனம் சுருங்கிவிட்டது. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் கடைநிலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். நான்காம், ஐந்தாம் நிலைக்குப் பட்டம் வேண்டும். ஒரே பதக்கத்தை வைத்திருக்கும் இருவரில் அரியர் வைத்தவர் கீழ்நிலைப் பணியிலும், முடித்தவர் மேல்நிலைப் பணியிலும் தொடங்க நேரலாம். காயத்தோடு இருபத்து மூன்று வயதில் ஆட்டத்தை நிறுத்துபவருக்குப் பதக்கமும் உதவாது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஆங்கிலவழிப் படிப்பிலும் தாய்மொழியில் தேர்வு எழுத விடுங்கள் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவே கேட்டுக்கொண்டது. தன்னாட்சிக் கல்லூரிகள் அதை விளையாட்டு மாணவரிடமிருந்து தொடங்கலாம். நவம்பரில் போட்டிக்குப் போனவருக்கு ஜனவரியில் தனித் தேர்வு வைக்கலாம், அதை அரியர் என்று பதியாமல். ஒவ்வொரு ஓ.டி. நாளுக்கும் ஈடாக ஒரு மணி நேர வாசிப்பு வகுப்பை, மைதானம் காலியாக இருக்கும் முற்பகலில் வைக்கலாம். மேலக்கோட்டையூரில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. இதற்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கல்லூரி ஆண்டறிக்கைகளில் கோப்பைகளுக்குப் பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டு முதல் அந்தப் பட்டியலுக்குக் கீழே, மூன்றாண்டுக்கு முன் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் பட்டம் முடித்தார்கள் என்ற எண்ணையும் அச்சிட வேண்டும். அச்சிடும்வரை, ட்ரையல்ஸுக்குப் பிள்ளையை அழைத்துவரும் பெற்றோரும் பள்ளிப் பி.டி. ஆசிரியர்களும் கட்டணச் சலுகையைக் கேட்பதற்கு முன் இந்த எண்ணைக் கேளுங்கள்.