ஆயுதமற்றோர் எழுச்சி

1806ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்த புரட்சியைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அது படைக்கலம் ஏந்திய சிப்பாய்களின் எழுச்சி. படைக்கலம் ஏதுமற்ற குடிமக்கள், படையே ஆளும் நாட்டில் எழுந்தால் என்ன விளையும்? நெமிலியில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்கள் என்னிடம் இவ்வினாவை எழுப்பியதுண்டு. அப்போதெல்லாம் இன்று மியான்மர் என வழங்கும் பர்மாவின் வரலாற்றையே நான் விடையாகக் கூறுவேன்.

பர்மா தமிழர்க்குப் புதிய நாடன்று. வணிகராகவும் கூலியாட்களாகவும் நம்மவர் பலர் அங்கு வாழ்ந்தனர். 1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. உடைமை இழந்த தமிழர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். சென்னையின் பர்மா பஜார் இன்றும் அதனை நினைவூட்டுகிறது.

அங்கேயே வாழ்ந்த மக்களின் துயரோ நீண்டது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாவென அரசு அறிவித்தது. ஈடாக ஒன்றும் தரவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே நாளில் வெறுங்காகிதமாயிற்று. அடுத்த மார்ச்சில் இரங்கூனில் மாணவர் ஒருவர் சுடப்பட்டு மாண்டார். கனன்றுகொண்டிருந்த சினம் 1988 ஆகஸ்டு 8ஆம் நாள் பெருநெருப்பாயிற்று. மாணவரும், துறைமுகத் தொழிலாளரும், பௌத்தத் துறவியரும், அரசு ஊழியரும் தெருவில் திரண்டனர். துப்பாக்கிகள் முழங்கின, ஆயினும் கூட்டம் கலையவில்லை. நான்கே நாட்களில் ஆட்சித் தலைவர் செயின் லுவின் பதவி விலகினார். பல கட்சித் தேர்தல் நடத்த ஆளுங்கட்சியும் இசைந்தது. ஆனால் செப்டம்பர் 18ஆம் நாள் படையினர் ஆட்சியை நேரே தம் கையில் எடுத்துக்கொண்டனர். அவ்வாண்டில் மாண்டோர் ஆயிரக்கணக்கினர் என மதிப்பிடுவர்.

அப்படியாயின் எழுச்சி தோற்றதா? அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. தேர்தல் நடத்துவதாகத் தந்த வாக்கைப் படையினரால் மறுக்க இயலவில்லை. 1990 மே 27ஆம் நாள் நடந்த தேர்தலில் ஆங் சான் சூ கியின் கட்சி 485 இடங்களுள் 392ஐ வென்றது. படையினர் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. ஆயினும் மக்களின் ஒப்புதல் தமக்கில்லை என்பதை அன்று முதல் அவர்களால் மறைக்க முடியவில்லை. 2015 தேர்தலில் அக்கட்சி மீண்டும் வென்று ஆட்சி அமைத்தது. எனினும் 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நாடாளுமன்றத்தில் நான்கில் ஒரு பங்கு இடங்களைப் படைக்கே ஒதுக்கியிருந்தது. களையின் வேர் நிலத்திலேயே கிடந்தது. 2021 பிப்ரவரி 1ஆம் நாள் படை மறுபடியும் ஆட்சியைப் பறித்தது.

இதனோடு தென்கொரியாவை ஒப்பிட்டுப் பாருங்கள். 1980 மேயில் குவாங்ஜு நகர மக்களின் எழுச்சியைப் படை ஒடுக்கியது. ஆயினும் அந்நினைவு அழியவில்லை. 1987இல் நாடெங்கும் கிளர்ந்த மக்கள், குடியரசுத் தலைவரைத் தாமே நேராகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றனர். 1997இல், முன்னாள் படைத்தலைவர் சுன் டூ ஹுவானுக்கு விதித்த ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 டிசம்பரில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது, நாடாளுமன்றம் சில மணி நேரத்திற்குள் கூடி, அதனை நீக்குமாறு தீர்மானித்தது.

இருநாட்டு மக்களின் துணிவிலும் ஏற்றத்தாழ்வு இல்லை. ஒரு நாட்டில் படை சட்டத்திற்கு அடங்கியது, மற்றொன்றில் அடங்கவில்லை. எழுச்சி கதவைத் திறக்கும். திறந்த கதவு மீண்டும் அடைபடாமல் காப்பவை தேர்தலும், நாடாளுமன்றமும், நீதிமன்றமுமே. நம் நாட்டில் படை குடியாட்சிக்குக் கட்டுப்பட்டு நிற்பதை இயல்பென எண்ணி வாளாவிராதீர்கள். அது அரிதின் பெற்ற செல்வம். அதனைப் பேணுதல் வாக்குச் சீட்டு ஏந்தப்போகும் உங்கள் கடன்.