வாள் பயிற்றிய நாயனார்

கல்விகள் பலவற்றுள்ளும் படைக்கலக் கல்விக்கு ஆசிரியரைத் தேர்ந்து அடைவது மிக அரிய செயலாகும். ஏட்டுக் கல்வியில் நேர்ந்த பிழையைப் பின்னர்த் திருத்திக் கொள்ளலாம். வாட்கல்வியில் நேர்ந்த பிழை உயிரையே கொண்டுபோகும். வாளை எப்போது வீசுவது, எப்போது அடக்குவது என்பதனையும் மாணாக்கர் ஆசிரியரது ஒழுக்கத்தைக் கண்டே அறிகின்றனர். இவ்வுண்மையை நமக்கு உணர்த்துவது ஏனாதிநாத நாயனார் வரலாறு.

'ஏனாதி' என்பது தமிழ் வேந்தர் படைத்தலைவர்க்கு அளித்த பட்டம். சோழிய ஏனாதி திருக்குட்டுவன் என்பானைப் புறநானூறு பாடுகின்றது. நம் நாயனாரோ சோழநாட்டு எயினனூரிலே அவதரித்து, அரசர்க்கு வாள்வித்தை பயிற்றும் ஆசிரியராய் விளங்கியவர். அதனால் வந்த பொருளையெல்லாம் சிவனடியார்க்கே ஆக்கினார். திருத்தொண்டத்தொகையில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் போற்றிய இவரது வரலாற்றை, இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவரான சேக்கிழார் பெருமான் இலைமலிந்த சருக்கத்தில் விரித்தருளினார்.

நாயனாரின் தாயத்தாருள் அதிசூரன் என்பவன் ஒருவன். அவனும் வாட்கலை வல்லவன்; ஆசிரியத் தொழிலும் உடையவன். ஆயினும் தன்னை மிஞ்சுவார் இல்லை என்னும் செருக்கு அவனிடம் மிகுந்திருந்தது. நாயனாரது நல்லொழுக்கத்தையோ பகைவரும் புகழ்ந்தனர். நாளடைவில் அதிசூரனது தொழில் வளம் குன்றியது. நாயனாரது வளம் ஓங்கியது. இருவரும் கற்றது ஒரே கலை. அங்ஙனமாகவும் உலகம் யாரை ஆசிரியராகக் கொண்டது என்பதை நாம் கருத வேண்டும்.

பொறாமை மேலிட்ட அதிசூரன், வென்றவர்க்கே வாள் பயிற்றும் உரிமை என்று சொல்லிப் படையோடு வந்து போருக்கு அழைத்தான். வெளிப்படையாக நிகழ்ந்த அப்போரில் தோற்று ஓடினான். ஆதலின் நாயனாரது திறத்தில் ஐயமில்லை. பின்னர், பிறர் மடியாதவாறு நாம் இருவரும் தனித்துப் பொருவோம் என்று சொல்லி அனுப்பினான். என்றும் திருநீறு அணியாத அவன், அன்று நெற்றி நிறையப் பூசிக் கேடகத்தால் மறைத்து வந்தான். நாயனார் வாளை ஓச்சி நெருங்கும் பொழுது கேடகத்தை விலக்கினான்.

வெண்ணீறு கண்ட நாயனார், இவர் ஈசனுக்கு அடியவராயினார், இவர் கருத்தின்வழி நிற்பேன் என்று துணிந்தார். வாளையும் பலகையையும் நீத்துவிட எண்ணினார். உடனே வேறொன்று கருதினார்: படைக்கலம் இல்லாதவரைக் கொன்றார் என்னும் பழி இவரை அடையலாகாதே! ஆதலின் அவற்றை ஏந்தியபடியே, பொருவார் போல நேர் நின்றார். அதிசூரன் தன் கருத்தை முடித்தான். சிவபெருமான் எழுந்தருளி, பகைவன் கைவாளே பாசத்தை அறுக்கும் கருவியாகக் கொண்டு, தம்மை என்றும் பிரியாத பேற்றை நாயனார்க்கு அளித்தார்.

தம்மைக் கொல்ல வந்தவனது புகழுக்கும் இழுக்கு வாராமற் காத்தவர் அவர். படைக்கலம் பயில விரும்பும் நம் பிள்ளைகளுக்கு ஆசான் தேடுங்கால், அவரது கைத்திறத்தைக் காண்பதோடு நாம் அமைந்துவிடலாகாது. அவர் பகைவரைப் பற்றி எவ்வாறு பேசுகிறார், ஈட்டிய பொருளை எவ்வழியில் செலவிடுகிறார், செருக்கு அவரிடம் உண்டா என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். அதற்கு ஏனாதிநாதர் திருவடி நினைவு நமக்குத் துணை நிற்பதாக.