கடப்பாரைக்கு முன்னால் கரண்ட்

வேலை நிமித்தமாக போபாலுக்கு வந்ததிலிருந்து, ஊரிலிருந்து போன் செய்பவர்கள் விஷவாயு பற்றித்தான் கேட்கிறார்கள். 1984 டிசம்பர் 2-3 இரவு எல்லோருக்கும் தெரியும். தண்ணீரின் கதை தெரிந்தவர்கள் குறைவு. அது அந்த இரவுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

யூனியன் கார்பைடு ஆலையின் கழிவு வளாகத்துக்குள்ளேயே குழிகளில் கொட்டப்பட்டது. 1977 முதல் வெளியே வெட்டிய குளங்களுக்கும் போனது. மழை சும்மா இருக்குமா? கரைத்து உள்ளே இறக்கியது. 1999இல் கிரீன்பீஸ், சுற்றுவட்டாரக் குடிநீர்க் கிணறுகளில் குளோரின் கலந்த ரசாயனங்களைக் கண்டது.

"தோண்டி அள்ள வேண்டியதுதானே?" என்பீர்கள். எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம்? குத்துமதிப்பாகப் போர் போட்டால், மேலே கிடக்கும் விஷத்துக்கு நாமே கீழே வழி வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

இதற்குத்தான் மின்தடை ஆய்வு. 1912இல் பிரான்சில் கான்ராட் ஷ்லம்பர்ஜர் தாதுக்களைத் தேடி பூமிக்குள் கரண்ட் விட்டுப் பார்த்தார். 1915இல் அமெரிக்காவின் ஃபிராங்க் வென்னர், சம இடைவெளியில் நான்கு கம்பிகள் ஊன்றும் முறையை எழுதினார். வெளிக்கம்பிகளில் கரண்ட், உள்கம்பிகளில் வோல்டேஜ் அளவு. கம்பிகளை அகல ஊன்ற ஊன்ற இன்னும் ஆழம் தெரியும். நம்மூரில் போர் போட பாயிண்ட் பார்ப்பவர்கள் மீட்டரோடு வந்து செய்வதும் இதுதான்.

உப்புக்கழிவு கலந்த நீரில் மின்தடை குறையும். ஆனால் ஈரக் களிமண்ணிலும் குறையும், போபாலோ கரிசல் பூமி! போதாததற்கு, குளோரின் கரைப்பான்கள் கரண்டைக் கடத்தாது என்பதால் மீட்டருக்குத் தப்பிவிடும். ஆகவே படம் சந்தேகப்பட வேண்டிய இடத்தைக் காட்டும். மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதித்தால்தான் தீர்ப்பு.

ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் நாக்பூரின் நீரியும் இந்த வளாகத்தை முறையாக ஆராய்ந்து 2010இல் அறிக்கை தந்தன. மாசுபட்ட மண் சுமார் 11 லட்சம் டன் என்று நீரி மதிப்பிட்டது.

2025 ஜனவரியில் பீதம்பூருக்குக் கொண்டுபோய், ஜூனுக்குள் எரித்து முடித்த கழிவு 337 டன். அது கிடங்கில் கட்டி வைத்திருந்தது மட்டுமே. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முறை 1912லேயே பிறந்துவிட்டது; அந்த 2010 அறிக்கை வந்ததோ விபத்து நடந்து கால் நூற்றாண்டு கழித்து. சுத்தமான தண்ணீர் கொடுங்கள் என்று உச்சநீதிமன்றமே 2004இல் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை பல குடும்பங்கள் குடித்தது அந்த நிலத்தடி நீரைத்தான். தாமதமாக அளந்ததற்கான விலையை அவர்கள் உடம்பால் கொடுத்தார்கள்.